"போறேன்" சொல்லத் தெரியாத பெட்டி

ஆழ்ந்த துயரத்தோடு ஊருக்குத் தெரிவிப்பது என்னவென்றால், எங்கள் வெள்ளாடு முத்தழகியின் கழுத்து மணி கச்சிராயபாளையம் கரும்புக் கொல்லையில் காணாமல் போய்விட்டது. அதைத் தேடிக்கினு இருந்தபோதுதான் அப்பா வந்தார். "டேய், கலை போயிட்டாடா" என்றவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கலைவாணி அக்கா என் பெரியப்பா மகள். சென்னை விமான நிலையத்தில் பொறியாளர். காய்ச்சலென்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அவர்மேல் எனக்குப் பொறாமை. கொஞ்சநஞ்சமல்ல, ஏக்கர் கணக்கில். பரீட்சையில் கோட்டைவிட்டால் "கலையைப் பாரு". முடி வெட்டாவிட்டால்கூட "கலையைப் பாரு". என்னைக் கலாய்க்கவே அந்தப் பேர் வைத்தார்கள் போல.

கல்வராயன் மலை பஸ்ஸில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்கும்போது நான் காதைப் பொத்துவேன். "அது சத்தமில்லடா, 'வர்றேன் வர்றேன்'னு சொல்லுது" என்பார் அக்கா. பின்னாளில் அதுவே அவர் வேலையானது. விமானம் நிற்கும் இடத்தில் பஸ், எண்ணெய் வண்டி, சாமான் இழுக்கும் வண்டி எல்லாம் குறுக்கும் நெடுக்கும் ஓடும். இன்ஜின் இரைச்சலில் ஹாரன் கேட்காது. அதனால் வண்டிக்கொரு வயர்லெஸ் பெட்டி. "இங்க இருக்கேன், இப்படி வர்றேன்" என்று மற்ற வண்டிகளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். நெருங்கினால் டிரைவரிடம் கத்தும்.

"போறேன்னு சொல்லாதாக்கா?" என்று மடக்கினேன்.

"நம்ம வூட்ல யாருடா 'போறேன்'னு சொல்லுவாங்க?"

பொங்கலுக்கு வந்தவர் சோதித்துப் பார்க்க ரெண்டு பெட்டி கொண்டுவந்தார். ஒன்று அப்பா டிராக்டரில், ஒன்று தன் ஸ்கூட்டரில். தெருவே கூடி மெச்சியது. எனக்கு வயிறு எரிந்தது. டிராக்டர் பெட்டியைக் கழற்றி முத்தழகி கழுத்தில் கட்டிவிட்டேன். கரும்புக்குள்ளிருந்து டிராக்டர் வருகிறதென்று அக்கா அலறி ஸ்கூட்டரை நிறுத்த, வெளியே வந்தது ஆடு! "கால்ல நடக்கிறவங்களுக்கும் பெட்டி வேணும்டா" என்றார். இப்போது விமான நிலையத்தில் நடந்து வேலை செய்பவர்கள் இடுப்பிலும் ஒன்று இருக்கிறதாம். ஆக, அது என் கண்டுபிடிப்பு. அக்காவை ஏமாற்றிய ஒரே ஆளும் நான்தான். பள்ளிக்கூடம் முழுக்க இப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

சரி, இன்றைக்காவது உள்ளதைச் சொல்கிறேன். அக்கா ஏமாறவில்லை. பெட்டியோடு ஆடு கரும்புக்குள் ஓடிவிட்டது. துரத்திப் பிடித்த எனக்குத் திரும்ப வழி தெரியவில்லை. ஆட்டைக் கட்டிக்கொண்டு நான் வைத்த ஒப்பாரிக்கு ஆடே பயந்துவிட்டது. ஸ்கூட்டர் பெட்டியைக் கையிலெடுத்து, அதன் திரையில் நகர்ந்த புள்ளியைப் பார்த்தபடி, தோகையை விலக்கிக்கொண்டு அக்கா வந்தார். ஆளுக்கு முன்னால் குரல்தான் வந்தது: "அழுவாதடா, வந்துக்கினே இருக்கேன்." கால்ல நடக்கிறவங்க பேச்சைச் சொன்னது அப்புறம், என் மூக்கைத் துடைத்துக்கொண்டே.

மணி இன்னும் கிடைக்கவில்லை. அப்பா எழுந்து போன பிறகும் அதே கரும்புக்குள்தான் நின்றேன். இந்த முறையும் அழுதுக்கினுதான்.

போய்ட்டு வாங்கக்கா.