பின்னால் வந்த கடல்

என் கணவருக்குச் சிறுசேரியில் வேலை. கம்பெனி ஒரு வருடத்துக்கு அவரை இங்கிலாந்து அனுப்பியதால், இரும்புலியூர் வீட்டைப் பூட்டிவிட்டு நானும் ஐந்து வயது மகளும் உடன் போனோம். லீவு நாளென்றால் ஊர் சுற்றல்தான்.

அப்படித்தான் அந்தக் கடற்கரைக்குப் போனோம். கடல் எங்கோ தூரத்தில் கோடாகத் தெரிந்தது. நடுவில் வெறும் ஈர மணல்.

"இவ்ளோ தூரம் வந்துட்டு கால் நனைக்காம போறதா? வாங்க" என்று நான்தான் கிளப்பினேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். கரையில் நாயுடன் நின்ற ஒருவர் இரண்டு கைகளையும் ஆட்டினார். நாங்களும் சிரித்தபடி கையாட்டினோம்.

"அம்மா, பின்னாடி பாரேன், தண்ணி" என்றாள் மகள்.

எங்கள் ஊர்ப் பக்கத்துக் கோவளத்தில் அலை முன்னால்தான் வரும். இங்கே எங்களுக்கும் கரைக்கும் நடுவில், மணல் பள்ளங்களில் கடல் ஓடிக்கொண்டிருந்தது.

"பேசாத. என் கையை விடாம நட" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கணவர் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டார். ஐஸ் போன்ற தண்ணீர் இடுப்பு வரை ஏறியது. காலுக்கடியில் மணல் நழுவியது. மகள் அழவில்லை, அப்பாவின் தலைமுடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கரையையே பார்த்தாள். நாய்க்காரர் தண்ணீரில் இறங்கி என்னை இழுத்துக் கரையேற்றினார், மகளுடன் கணவரும் ஏறிவிட்டார். திரும்பிப் பார்த்தேன். நாங்கள் நின்றிருந்த இடம் முழுக்கக் கடல். அங்கே கடல் தினமும் இரண்டு தடவை வெகுதூரம் உள்வாங்கி மறுபடி ஏறுமாம்; அதைச் சொல்லத்தான் அவர் கையாட்டியிருக்கிறார்.

அதன்பிறகு, கடல் ஏறும் நேரத்தை விசாரிக்காமல் அங்கே எந்தக் கரையிலும் நான் இறங்கவில்லை.

ஊர் திரும்பிவிட்டோம். கோவளத்தில் இப்போதும் கால் நனைக்கிறோம். மகள் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். கரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறாளாம்.