ஒற்றைக்கால் கண்ணன்

அந்த வருடம் கிருஷ்ண ஜெயந்திக்குள் என் கால் பெரிதாகிவிட்டது. அதுவரை என் பாதத்தைத்தான் அரிசி மாவுக் கரைசலில் தோய்த்து, தெருவாசலில் இருந்து பூஜை அலமாரி வரை நடக்க வைப்பார்கள். முஷ்டியால் பாதம் பதிப்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை. வீட்டுக் குழந்தையின் கால்தான் வேண்டும். அம்மா என் காலைப் பார்த்துவிட்டு, "இத வெச்சா கண்ணன் வர்ற மாதிரியா இருக்கும்? கம்சன் வர்ற மாதிரி இருக்கும்" என்றாள்.

வீட்டில் வேறு குழந்தை கிடையாது. அப்பாவின் தங்கையும் அவள் கணவரும் எங்களோடு இருந்தார்கள். அத்தைக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை. கல்யாணமாகிப் பல வருடங்கள் ஆகியும் குழந்தை இல்லை. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்கள் 'விசேஷம் உண்டா' என்று கேட்பதை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. நான்தான் இருந்தேனே.

அன்று மாலை மேகம் தாழ்ந்து, தோல் பதனிடும் டேனரியின் வாடை தெருவில் தேங்கி நின்றது. பஸ்ஸை விட்டு இறங்கி வந்த அத்தை, டிபன் பையில் இருந்து ஷூவின் உள்ளே வைக்கும் அட்டை ஒன்றை எடுத்தாள். என் உள்ளங்கை நீளம்தான் இருந்தது. ஏதோ தேசத்துக் குழந்தையின் முதல் ஷூவுக்காக வெட்டியது.

"இன்னாடி இது, தோலா? சாமிகிட்ட போய்..."

"ஐய, வெறும் அட்டை அண்ணி. கேட்டுத்தான் எடுத்தாந்தேன்."

மசூதியில் மாலைப் பாங்கு ஒலித்தபோது அவள் வாசலில் குனிந்திருந்தாள். அட்டையை மாவில் தோய்த்து ஒற்றி, விரல் நுனியால் கால்விரல்கள் வைத்தாள். விளக்கு மட்டும் எரிந்த கூடத்தில், வெள்ளைப் பாதங்கள் தாமாகவே நடந்து வருவதுபோல இருந்தது. அடுப்படியில் சீடை வெந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் மாமா உள்ளே வந்தார். தரையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னா, கண்ணன் நொண்டி அடிச்சிக்கினு வர்றாரா?"

எல்லாமே இடது கால்.

"சாம்பிள்னா ஒத்தக் காலுதான் குடுப்பாங்க" என்றாள் அத்தை, முகம் வாடி.

"அட்டையத் திருப்பிப் போடு. வலது கால் ஆச்சு" என்றார் மாமா.

நாளெல்லாம் ஷூ தைக்கிறவளுக்கு அது தோன்றவில்லை. அத்தையே முதலில் சிரித்தாள். இடையிடையே வலது பாதங்களை வைத்துக்கொண்டே போனாள். அதற்குள் நான் இடது கால்களின் மேலாக ஒருமுறை நொண்டியடித்து முடித்திருந்தேன்.

பாதங்கள் பூஜை அலமாரியை அடைந்தன. அங்கே நிற்கவில்லை. அத்தை திரும்பி, தன் அறைப் பக்கம் ஒற்றிக்கொண்டு போனாள். அம்மா பார்த்தாள், மாவுக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"அத்தே, சாமி அங்க இல்ல" என்றேன்.

"தெரியும். வழி தவறி வந்தாலும் வரட்டுமே."

மறுநாள் அம்மா வீட்டைத் துடைத்தாள். அத்தையின் அறை வாசலில் இருந்த கடைசிப் பாதங்களை மட்டும் விட்டுவிட்டாள். மழை ஈரத்தில் அவை மெல்ல மங்கிக்கொண்டிருந்தன. மாமா லுங்கியைத் தூக்கிப் பிடித்து, மிதிக்காமல் தாண்டிப் போவார். நானும் தாண்டினேன், ஒற்றைக் காலில். எனக்காக விட்டுவைத்த விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன்.