சும்மா நிற்கிற வேலை

காஞ்சிபுரத்தில் நான் வாடகைக்கு இருந்த தெருவில், யார் என்ன வேலை செய்கிறார் என்று கேட்கவே வேண்டியதில்லை. காலையில் தெருவில் நெசவுக்கான பாவு நூலை நீட்டியிருப்பார்கள், பகலெல்லாம் உள்ளே தறிச் சத்தம் கேட்கும். என் அறையிலிருந்து மட்டும் எந்தச் சத்தமும் வராது. பக்கத்து வீட்டுத் தறிக்காரர் ஒருநாள் கேட்டே விட்டார். திருப்புட்குழிப் பக்கம் சோப்புத் தொழிற்சாலையில் வேலை, இயந்திரம் தானாக ஓடுவதற்கான மின்சார ஏற்பாட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"தானா ஓடுதுன்னா, அப்பறம் நீ எதுக்குப்பா?" என்றார். கேலி இல்லை, உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

அது எழுபதுகளின் தொடக்கம். ஆட்டோமேட்டிக் என்ற சொல்லே எங்கள் பக்கத்தில் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது. எங்கள் இயந்திரத்தில் சோப்புப் பாளம் துண்டாக வெட்டுப்படும், முத்திரை வாங்கும், காகிதம் சுற்றிக்கொண்டு வெளியே வரும். எதற்குப் பிறகு எது நடக்க வேண்டும் என்று சொல்வது பீரோ உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி. அதைப் பேனல் என்போம். உள்ளே வரிசை வரிசையாக ரிலேக்கள் இருக்கும். மின்சாரம் வந்தால் டக்கென்று ஒட்டி, போனால் விலகுகிற சின்னச் சின்ன சுவிட்சுகள். அவற்றைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

மற்றவர்கள் கூட்டமாக வேலை செய்தார்கள், கூட்டமாகச் சாப்பிட்டார்கள், சண்டைகூடக் கூட்டமாகத்தான் போட்டார்கள். நான் பேனல் பக்கத்தில் தனியாக நின்றேன். ஏதாவது நின்றுபோனால் மட்டும் "எங்கப்பா அந்த ஆட்டோமேட்டிக்?" என்று தேடுவார்கள். சரிசெய்ததும் மறந்துவிடுவார்கள். நானோ எதுவும் நிற்காதபடி பார்த்துக்கொண்டேன். வேலையைச் சுத்தமாகச் செய்யச் செய்ய, என்னோடு பேச ஆளே இல்லாமல் போயிற்று. இப்படி ஒரு கூத்து வேறு எந்தத் தொழிலிலாவது உண்டா என்று எரிச்சலாக வரும்.

அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார்கள். தென்னேரியில் அண்ணன் இருந்தார். லீவுக்குப் போனால் அண்ணி சோறு போடுவார், அண்ணன் ஏரித் தண்ணீரைப் பற்றிப் பேசுவார், நான் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். திங்கட்கிழமை காலை கடையில் டீ கேட்கும்போது தொண்டை கரகரக்கும். முந்தின நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் உறைக்கும். நான் கல்யாணத்துக்கு ஆசைப்பட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. வீட்டில் இன்னொரு குரல் வேண்டும், அவ்வளவுதான்.

கேன்டீன் நடத்தியவர் இதை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். திருப்புட்குழிக்காரர். தன் ஊரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பெண் இருக்கிறது, பத்தாவது வரை படித்திருக்கிறாள் என்றார். ஜாதகம் பொருந்திற்று. பெண்ணின் அப்பாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். பையன் என்ன வேலை செய்கிறான்? கேன்டீன்காரர் தனக்குத் தெரிந்த வரையில் விளக்கி, உள்ளதையும் குழப்பியிருந்தார்.

"வர்ற ஆயுத பூசைக்கு ஊர் சனமெல்லாம் கம்பெனி பாக்க வருது. அவரும் குடும்பத்தோட வராரு. நேர்லயே பாத்துக்கட்டும்பா" என்றார்.

ஆயுத பூஜையன்று எங்கள் தொழிற்சாலையில் வாசலைத் திறந்துவிடுவார்கள். இயந்திரங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, வந்தவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஓட்டிக் காட்டுவார்கள். அதற்கு முந்தின வாரம் முழுக்க நான் ரிலேக்களைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். பேனலுக்குச் சாமந்தி மாலை போட்டேன். அன்றைக்குப் பளிச்சென்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். கெட்டதே அந்தச் சட்டையால்தான் என்று கேன்டீன்காரர் பிறகு சொன்னார்.

பெண்ணின் அப்பா தோளில் துண்டோடு வந்தார். பின்னால் அவர் மனைவி, ஊர்ப் பெண்கள், அவர்களுக்கு நடுவில் அவள். இயந்திரம் அன்று ஓடிய ஓட்டம் இருக்கிறதே, ஒரு சின்னத் தடங்கல் இல்லை. அவர் எண்ணெய் போடுகிறவரைப் பார்த்தார். பெட்டி அடுக்குகிறவர்களைப் பார்த்தார். கடைசியாக என்னிடம் வந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

"தம்பி, நீங்க எப்போ ஆரம்பிப்பீங்க?" என்றார்.

"இதுதாங்க என் வேலை. ஓடிக்கினு இருக்குதே, இதுதான்."

"அது ஓடுது. நீங்க?"

பேனல் கதவைத் திறந்து காட்டினேன். ரிலேக்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தன. மரியாதைக்கு எட்டிப் பார்த்தார். "இதுவும் தானாதான் பண்ணுது" என்றார். தன் கிணற்று மோட்டாரைப் பழுதுபார்க்க வருகிறவர் முழங்கை வரை கிரீஸோடுதான் இருப்பார் என்று சொல்லிவிட்டு, என் கைகளை ஒரு பார்வை பார்த்தார்.

அவர் நகர்ந்ததும் கேன்டீன்காரர் என் காதருகே வந்தார். "ஒரு ஒயரைப் புடுங்கி வுடுப்பா. மிஷின் நிக்கட்டும். எல்லாரும் உன்னத் தேடி ஓடியாருவாங்க. டக்குனு சரி பண்ணு. கல்யாணம் முடிஞ்சிது."

எந்த ஒயர் என்று என் விரலுக்குக்கூடத் தெரியும். பிடுங்கியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் கை வரவில்லை. நேர்மை கீர்மை என்று பெருமை பேசவில்லை. நிற்காமல் பார்த்துக்கொண்டேன் என்பது ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. அதையும் நானே கெடுத்துவிட்டு எந்த முகத்தோடு மாப்பிள்ளையாகப் போய் உட்கார்வது? "வேணாங்க" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு சுண்டல் கொடுக்கப் போய்விட்டார்.

பெண்கள் கூட்டமும் கிளம்பிற்று. அவள் மட்டும் பேனலுக்கு எதிரில் கொஞ்சம் பின்தங்கினாள். கையில் பொரிப் பொட்டலம். என்னைப் பார்க்காமல் பேனலைப் பார்த்தபடி கேட்டாள்.

"நடுவுல ஒரு தரம் உங்க மூஞ்சி மாறிச்சே. என்னா கேட்டுச்சு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு ரிலே கொஞ்சம் தாமதமாக ஒட்டியிருந்தது. அந்த இரைச்சலில் வேறு யாரும் அதைக் கவனித்திருக்க முடியாது. நான் கவனித்ததை அவள் கவனித்திருக்கிறாள்.

"ஒண்ணு லேட்டா அடிச்சிது. நாளைக்கு மாத்திடணும்" என்றேன்.

"மாத்தலன்னா?"

"என்னைக்காவது மிஷின் நின்னுடும்."

"அப்போ, அது நிக்காம இருக்கத்தான் நீங்க நிக்கிறீங்க" என்றாள்.

அதற்குள் அவள் அம்மா கூப்பிட்டார். அவள் போய்விட்டாள். இவளோடுதான் வாழப்போகிறேன் என்று அந்த நிமிஷம் நம்பினேன். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மனதுக்குள் அவளோடு பேசிக்கொண்டே போனேன்.

சில நாள் கழித்துக் கேன்டீன்காரர் டீயைக் கொண்டுவந்து என் எதிரில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"பையன் நல்ல பையன்தான்றாரு. ஆனா வேல இல்லாதவனுக்குப் பொண்ணக் குடுக்க மாட்டாராம். நானும் சொல்லிப் பாத்தேன்பா."

"அவங்க பொண்ண ஒரு வார்த்த கேட்டாங்களா?"

"பொண்ண யாருப்பா கேப்பாங்க? அவளுக்கு என்னா தெரியும் உன் வேலயப் பத்தி?"

அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அவளைத்தான் பிடிப்பார்கள். எப்போது பேசினாய், எதற்குப் பேசினாய் என்று வீட்டில் வைத்து உலுக்குவார்கள். அவளுக்கு வருகிற அடுத்த வரனுக்கும் அந்தப் பேச்சு போய்ச் சேரும்.

"ஒண்ணும் தெரியாதுதான்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன்.