பூந்தமல்லியில் கிடைத்த படகு இம்பெல்லர்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன், வெறுங்கையோடு நின்ற இடத்தையும் விடாமல். எங்கள் வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகையில் இதைப் படித்துவிட்டு யாராவது இதேபோல் சாமான் தேடிப் புறப்பட்டால் அவர்களுக்கு உதவ வேண்டும்.

நானும் ஏழுமலை மாமாவும் கோவில்பதாகையில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பியது விஜயதசமி காலை. காரணம் முந்தின நாள் ஆயுத பூஜை. மாமா பழவேற்காட்டில் படகு ஓட்டுகிறார். பழைய படகு மோட்டார் ஒன்றை வாங்கி, பழுது பார்க்க அப்பாவிடம் கொண்டுவந்திருந்தார். அப்பா ஃபிட்டர். பூஜையன்று எந்த மெஷினையும் ஒரு தடவையாவது ஓட்டிவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அம்மாவின் தையல் மிஷின் ஓடியது, சைக்கிள் சக்கரம் சுற்றியது. மோட்டாரை மரச்சட்டத்தில் மாட்டி, சந்தனப் பொட்டு வைத்து, அடியில் எலுமிச்சம்பழமும் வைத்து, மாமா ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுத்தார். தெருவே வந்து பார்த்தது. கற்பூரம் அணைகிற வரை ஓடட்டும் என்றார் அப்பா. அதற்குள் ரப்பர் கருகும் நாற்றம் வந்துவிட்டது.

படகு மோட்டாரில் தண்ணீருக்குள் இறங்கும் காலுக்குள் இம்பெல்லர் என்று ஒரு சிறிய ரப்பர் சக்கரம் இருக்கிறது. அதுதான் ஏரித் தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்பி எஞ்சினைக் குளிர வைக்கிறது. தண்ணீர் இல்லாமல் சுற்றினால் அது தானே தேய்ந்து கிழிந்துவிடும். அப்பா கழற்றியபோது ஆறு இதழ்களில் மூன்று இல்லை. பள்ளி திறக்கிற நாளிலிருந்து டீச்சர்களைத் தீவுக்கு ஏற்றிப் போகும் வேலையை மாமாவுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மோட்டார் இல்லையென்றால் அது வேறு படகுக்குப் போய்விடும். விஜயதசமி போனால் பள்ளி திறக்க ஒரு நாள்தான் பாக்கி.

ஆவடியில் ரயில் ஏறி அம்பத்தூரில் இறங்கினோம். மோட்டார் சாமான் கடைகள் எல்லாம் பூட்டி, ஷட்டருக்கு ஷட்டர் சந்தனமும் வாழைக்கன்றும். பூசணிக்காய்ச் சிதறலில் மாமா வழுக்கி, என் தோளைப் பிடித்து நின்றார். அங்கிருந்த வாட்ச்மேன் சிரித்தார்.

"இன்னிக்கு எவன் கட தொறப்பான்? பூந்தமல்லில பாய் ஒருத்தர் கீறாரு. போய்ப் பாரு நைனா."

திரும்ப ஆவடி வந்து, பூந்தமல்லி பஸ். டிக்கெட் ஒன்றரை ரூபாய், சுமார் பத்து கிலோமீட்டர். பருத்திப்பட்டு வரும்போது ஜன்னல் ஓரம் இருங்கள், ஏரி தெரியும். மாமா அதைப் பார்க்கவே இல்லை. செய்தித்தாளில் சுற்றிய கிழிந்த இம்பெல்லரைத் தடவிக்கொண்டே வந்தார்.

பாய் கடையில் நீர் இறைக்கும் மோட்டார் சாமான்கள்தான் அதிகம். துறைமுகத்துப் பக்கம் ஏலத்தில் எடுத்த பழைய படகுச் சாமான்களும் ஒரு மூட்டை இருந்தது. பாய் இம்பெல்லரைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, தண்ணி இல்லாம ஓட்டினியா?"

"பூஜைக்கு ஒரு தபா, பாய்."

"எலுமிச்சம்பழம் வெச்சியா?"

"வெச்சேன்."

"பழம் வாங்க காசு இருந்துது. ஒரு டிரம்மு தண்ணி புடிச்சி வெக்க கை வரல."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, மாமாவுக்கும்தான். மூட்டையைக் கொட்டி மூவரும் தேடினோம். ஏழெட்டு இம்பெல்லர்கள் அளவு சேரவில்லை. ஒன்று சேர்ந்தது. நடு ஓட்டை, உயரம், இதழ் எண்ணிக்கை எல்லாம் ஒன்றே. பஸ் ஏறும் வரை அதை நான்தான் கையில் வைத்திருந்தேன்.

வீட்டில் அப்பா சோப்புத் தண்ணீர் தடவி, மோட்டார்த் தண்டை அது சுற்றும் திசையிலேயே திருப்பித் திருப்பி இம்பெல்லரை உள்ளே அழுத்தினார். அப்போதுதான் இதழ்கள் எல்லாம் ஒரே பக்கம் மடங்கும். இந்த முறை மோட்டாரின் கால் டிரம் தண்ணீரில் முங்கியிருந்தது. மாமா கயிற்றை இழுத்தார். ஓடியது. ஆனால் எஞ்சினைக் குளிர வைத்துவிட்டுப் பக்கவாட்டுத் துளை வழியாக வெளியே வர வேண்டிய தண்ணீர் வரவில்லை. அப்பா உடனே நிறுத்தினார். மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

நான் பழைய இம்பெல்லரின் துண்டுகளைத் தரையில் வைத்துப் பொருத்திப் பார்த்தேன். மூன்று இதழ்கள் கிழிந்திருந்தன. துண்டுகள் இரண்டுதான் இருந்தன.

"அப்பா, ஒரு துண்டைக் காணோம்."

"குப்பையோட போயிருக்கும்."

"வேற எங்க போவும்? தண்ணி போற வழியிலதான போவும்?"

அப்பா என்னைப் பார்த்தார். மோட்டாரின் காலைத் திரும்பக் கழற்றி, தண்ணீர்க் குழாயில் சைக்கிள் பம்ப்பை வைத்து அடித்தார். கறுப்பாய் ஒன்று தெறித்து அம்மாவின் துவைத்த புடவையில் ஒட்டியது.

"அட, இதான்டி," என்றார் மாமா, அதைப் பிய்த்துக்கொண்டு.

மறுபடி மாட்டிக் கயிற்றை இழுத்தபோது துளையிலிருந்து பென்சில் கனத்தில் தண்ணீர் வளைந்து பாய்ந்தது. மாமா கையை நீட்டி அதைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். "தீவு வரைக்கும் போவும்," என்றார். அம்மா வந்து, "போதும் நிறுத்துடா, தெருவே புகையா கீது," என்று சொல்லும் வரை அவர் நகரவில்லை.

போகிறவர்களுக்கு: பழைய சாமானை மாதிரிக்கு எடுத்துப் போங்கள். வெள்ளிக்கிழமை மதியம் பாய் தொழுகைக்குப் போய்விடுவார், காலையிலேயே போய்விடுங்கள். கிழிந்த துண்டுகளை எண்ணாமல் புதியதை மாட்டாதீர்கள்.

விடிந்ததும் மோட்டாரைப் பழவேற்காட்டுக்கு ஏற்றிப் போக டெம்போ வருகிறது. மாமா மோட்டாருக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்து, எந்த டீச்சரை எந்தப் பலகையில் உட்கார வைப்பது என்று அப்பாவிடம் பேசிக்கொண்டிருக்கிறார். அப்பா "உம்" கொட்டுவது நின்றுபோனது. அம்மா விளக்கை அணைத்துவிட்டாள்.