காணாமல் போன கேடயம்

மல்லசமுத்திரத்தைச் சுற்றி யார் செத்தாலும் அந்த முகம் சௌந்தர்யாவின் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டுத்தான் சுவருக்குப் போகும். ஆதார் அட்டைப் படம், கல்யாண வீட்டில் கூட்டத்தோடு எடுத்த படம், கைப்பேசியில் கலங்கலாக விழுந்த படம் என்று எது கிடைக்கிறதோ அதை அனுப்புவார்கள். பக்கத்தில் நிற்பவர்களை வெட்டி எடுத்துவிட்டு, சட்டையை வெள்ளையாக்கி, நெற்றியில் திருநீறு வைத்து, மேலே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று போட்டு ஒரு மணி நேரத்தில் பிரஸ்ஸுக்கு அனுப்பிவிடுவாள். காதுகுத்து, சீர், கும்பாபிஷேகம் எல்லாவற்றுக்கும் ஃப்ளெக்ஸ் செய்வாள். ஆனாலும் அவசரம் என்று வருவது சாவு போஸ்டர்தான்.

வீடு ஊருக்கு வெளியே, தோட்டத்துக்குள். கணவன் தமிழரசு ரிக் வண்டியில் மேனேஜர். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியோடு சத்தீஸ்கருக்குப் போனால் அங்கே மழை பிடிக்கிறவரைக்கும் திரும்ப மாட்டான். ஆடியில் வருவான், ஐப்பசிக்குள் போய்விடுவான். மற்ற மாதங்களில் தினமும் போன் மட்டும். ஒரே மகள் தனப்பிரியா. அவள் ஒன்பதாவது படிக்கும்போது, கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த சமயத்தில், ஆன்லைன் வகுப்புக்காக அவன் வாங்கி வைத்ததுதான் அந்தக் கம்ப்யூட்டர். திருச்செங்கோட்டிலிருந்து ஆளைக் கூட்டிவந்து, அரை நாள் கூடவே உட்கார்ந்து எல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வண்டிக்குப் போனான். பாசமாகச் செய்கிறான் என்று அன்றைக்கு அவள் நினைத்தாள்.

அடுத்த வருடம் பள்ளிக்கூடம் திறந்தது. கம்ப்யூட்டர் பகலெல்லாம் சும்மா கிடந்தது. பெரியசாமி என்பவர் நடத்தும் பிரஸ்ஸில் டைப் அடிக்கிற மஞ்சுளாவை சௌந்தர்யாவுக்குத் தெரியும். கணவனை விட்டுப் பிரிந்து, ஐந்து வயதுப் பெண் குழந்தையோடு அம்மா வீட்டில் இருந்தவள். அவள்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, படத்தை வெட்டுவது, தமிழ் எழுத்துருக்களை ஏற்றுவது என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தாள். நான்கே மாதத்தில் பிரஸ் வேலையில் பாதி இந்த வீட்டுக்கு வர ஆரம்பித்தது. மஞ்சுளா வரும்போதெல்லாம் இரண்டு பேரும் ஒரே தட்டில் முறுக்கை வைத்துக்கொண்டு, செத்தவர்களின் படங்களுக்கு நடுவே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். கல்யாணம் ஆகிப் பதினாறு வருடத்தில் சௌந்தர்யாவுக்கு அப்படி ஒரு சிநேகிதி அமைந்ததில்லை.

தமிழரசுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எப்படி என்பதுதான் அவளுக்குப் புரியாமல் இருந்தது.

சேலத்தை ஒட்டிய அயோத்தியாப்பட்டணத்தில் இருக்கும் அக்காவுக்கு, ‘சனிக்கிழமை வரட்டுமா’ என்று கம்ப்யூட்டரில் வாட்ஸப் அனுப்பினாள். அன்று சாயங்காலமே போனில், “என்ன, சனிக்கெழம சேலம் பயணமா?” என்றான். கூடப் படித்த பெண் ஒருத்தி தன் கணவனைப் பற்றி எழுதிப் புலம்பினாள். இரண்டு நாள் கழித்து, “அந்த மாதிரி பொம்பளைங்ககூட உனக்கு என்ன பேச்சு?” என்று கேட்டான். யார் சொன்னார்கள் என்றால் சிரிப்பான். “எங்க இருந்தாலும் என்ற காதுக்கு வந்துரும் புள்ள.”

தை மாதத்தில் சேலத்திலிருந்து ஒரு வாய்ப்பு வந்தது. பாடப் புத்தகங்களுக்கு அட்டையும் படமும் செய்கிற இடம். அவள் அனுப்பிய மாதிரிகளைப் பார்த்துவிட்டு நேரில் வரச் சொன்னார்கள். மின்னஞ்சல் வந்த சந்தோஷத்தில் மஞ்சுளாவுக்குப் போன் செய்து சொன்னாள். வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாள் காலையில் தமிழரசு போன் செய்தான். இந்தத் தடவை சிரிக்கவில்லை. “சேலத்துக்கு வேலைக்குப் போறியாமா? நான் செத்துட்டேனா?” மத்தியானத்துக்குள் அவன் அண்ணன் வந்து வாசலில் நின்றார். இரண்டு பெரியம்மாக்கள் போனில் அழுதார்கள். சௌந்தர்யா சேலத்துக்குப் போகவில்லை.

யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசிக்க அவளுக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. தெரிந்தவள் ஒருத்திதானே. அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் வரிசையாகப் பொருந்தி வந்தது. அக்கா வீட்டுக்குப் போகிற விஷயம் மஞ்சுளாவுக்குத் தெரியும். கூடப் படித்தவள் கதையும் தெரியும். பெரியசாமிக்குப் போன் செய்தாள். “அண்ணா, அந்தப் புள்ள ஊட்டுச் சமாச்சாரத்தையெல்லாம் வெளிய சொல்லுது. அதுகிட்ட ஃபைல் குடுத்துவிடாதீங்க” என்றாள். குடும்பப் படங்கள் புழங்குகிற தொழில். இரண்டு வாரத்தில் பெரியசாமி மஞ்சுளாவை நிறுத்திவிட்டார்.

மஞ்சுளா ஒரு நாள் தோட்டத்து கேட்டுக்கு வந்து நின்றாள். “அக்கா, நான் என்ன பண்ணுனேன்னு மட்டும் சொல்லிருங்க” என்று இரண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டாள். சௌந்தர்யா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கேட்டைத் திறக்கவில்லை. கோள் சொல்லி என்ற பெயர் ஊருக்குள் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு எந்தக் கடையிலும் அவளை வேலைக்கு வைக்கவில்லை. நூல் மில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போவதைச் சௌந்தர்யா பஸ் நிறுத்தத்தில் பார்த்திருக்கிறாள்.

ஒரு வருடம் போனது. தனப்பிரியா ராசிபுரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போய்விட்டாள்.

பங்குனியில் பிரஸ்ஸிலிருந்து போன் வந்தது. சௌந்தர்யா கொடுத்த பென்டிரைவில் வைரஸ் இருக்கிறதாம், அங்கே இரண்டு கம்ப்யூட்டர் நின்றுவிட்டதாம். சுத்தம் செய்யாமல் இனிமேல் ஃபைல் அனுப்ப வேண்டாம் என்றார் பெரியசாமி. திருச்செங்கோட்டில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஈஸ்வர் என்பவரின் நம்பரையும் கொடுத்தார். அவள் ஈஸ்வருக்குப் போன் செய்தாள்.

“கீழ வலது பக்க மூலையில மணி காட்டுதுங்களா? அதுக்குப் பக்கத்துல மேல பாத்த மாதிரி ஒரு அம்புக்குறி இருக்கும், அதை அமுக்குங்க. கேடயம் மாதிரி ஒரு ஐகான் தெரியுதுங்களா? வைரஸைத் தடுக்கறது அதுதானுங்க.”

அமுக்கினாள். பென்டிரைவ் குறி இருந்தது, புளூடூத் இருந்தது. கேடயம் இல்லை.

“சில நேரம் மறைஞ்சுக்குமுங்க. மெஷினை ஒருக்கா அமத்திப் போடுங்க.”

அணைத்துப் போட்டாள். வரவில்லை. செட்டிங்ஸுக்குள் போய் ஐகான்களின் பட்டியலைத் திறக்கச் சொன்னார். பட்டியலிலேயே பாதுகாப்பு மென்பொருளின் பெயர் இல்லை. கம்ப்யூட்டர் தொடங்கும்போது தானாக ஓடுகிறவற்றைப் பார்க்கச் சொன்னார். அங்கே பெயர் இருந்தது, நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. ஓட விடலாம் என்று அமுக்கியபோது, இதை உங்கள் நிர்வாகி கட்டுப்படுத்தியிருக்கிறார் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து பாஸ்வேர்டு கேட்டது.

“நிர்வாகின்னா யாருங்க?” என்றாள்.

“நீங்கதாங்கக்கா. உங்க ஊட்டு மெஷின்தானே?”

அவளிடம் இருந்தது கம்ப்யூட்டரைத் திறக்கிற பாஸ்வேர்டு மட்டும். தமிழரசுக்குப் போன் செய்து கேட்டாள். அந்தப் பக்கம் கம்ப்ரெசர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“ஐகான் இல்லாட்டி என்ன இப்ப? உடு. நான் வந்து பாக்கறேன்.”

“நீங்க ஆடிக்குத்தானே வருவீங்க. அதுவரைக்கும் போஸ்டரை நான் எதுல போடறது?”

“போடாம இரு. யாரையும் ஊட்டுக்குள்ள உட்டு அதைத் தொட வைக்காதே.”

அந்தக் கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் அவள் விட்டிருப்பாள். மறுநாள் காலையில் ஈஸ்வரை வரச் சொன்னாள்.

ஈஸ்வருக்கு முப்பது வயது இருக்கும். ஒரு பென்டிரைவைச் செருகி, கம்ப்யூட்டரை வேறு வழியாகத் திறந்து, நிர்வாகியின் பாஸ்வேர்டை மாற்றினார். உள்ளே போய் இரண்டு மூன்று இடம் பார்த்தார். பேச்சு குறைந்தது. கடைசியில் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, “அக்கா, இங்க வந்து பாருங்க” என்றார்.

ஒரு மென்பொருள். பெயரைப் பார்த்தால் பிரிண்டர் சம்பந்தப்பட்டது போல இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை திரையைப் படம் பிடித்து, தட்டச்சு செய்கிற எல்லாவற்றையும் சேர்த்து ஒரு முகவரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அதைப் பாதுகாப்பு மென்பொருள் பிடித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் பாதுகாப்பை முடக்கி, கேடயத்தையும் யாரும் தேடாதபடி மறைத்திருக்கிறார்கள். பாதுகாப்பு இல்லாத மெஷினில் வைரஸ் எப்போதோ தானாகப் புகுந்துகொண்டது. படங்கள் போகிற முகவரியின் முன்பாதியை அவள் படித்தாள். தமிழரசு, பிறகு அவன் பிறந்த வருடம்.

“எப்ப போட்டது இது?”

ஈஸ்வர் தேதியைக் காட்டினார். கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த நாள். மஞ்சுளா இந்த வீட்டு வாசலை மிதிப்பதற்குப் பத்து மாதம் முன்பு.

ஈஸ்வர் தன் பையை மடியில் வைத்துக்கொண்டு, “குடும்ப விசயமுங்க இது. எடுக்கறதா, உடறதான்னு நீங்கதான் சொல்லோணும். எடுத்தா அவருக்கு உடனே தெரிஞ்சுரும்” என்றார்.

“எடுத்துருங்க.”

எடுத்தார். மற்ற வைரஸையும் சுத்தம் செய்து, பாதுகாப்பை ஓட விட்டார். மணி பக்கத்தில் நீலக் கேடயம் வந்து உட்கார்ந்தது. அவர் வண்டி கேட்டைத் தாண்டிப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, போன் அடித்தது.

“கம்ப்யூட்டர்ல என்ன பண்ணுனே?”

“ஏனுங்க, மூணு வருசமா பாத்துட்டு இருந்தீங்களா?”

அவன் மறுக்கவில்லை. “வருசத்துல ஒம்பது மாசம் காட்டுல கெடக்கறேன். ஊட்டை நான் எப்படித்தான் பாத்துக்கறது? ஒரு நா உன்னை அடிச்சிருக்கறனா? கெட்டதுக்கா பண்ணுனேன்?”

“தனப்பிரியா பத்தாவது முடிக்கறவரைக்கும் இதுலதானே எல்லாம் எழுதுவா. அதையுமா பாத்தீங்க?”

“புள்ளையைப் பெத்தவன் பாக்காம?”

பிறகு அவள் கேட்க நினைத்ததைக் கேட்டாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. “மஞ்சுளாதான் உங்ககிட்டச் சொல்றான்னு நெனச்சு நான் அவ பொழப்பைக் கெடுத்தேன். அப்ப உங்களுக்குத் தெரியுமில்ல, அவ இல்லீன்னு?”

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“அவ அங்க வந்து போறது எனக்குப் புடிக்கல. நீயே நிறுத்துனே. நல்லதாப் போச்சுன்னு உட்டுட்டேன்.”

அவள் போனை வைத்துவிட்டாள். அன்று அடுப்புப் பற்ற வைக்கவில்லை.

மூன்றாம் நாள் மஞ்சுளாவின் வீட்டுக்குப் போனாள். மில்லில் இரவு ஷிப்ட் முடித்து வந்து தூங்கி எழுந்த நேரம். மஞ்சுளா வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நிறைய இளைத்திருந்தாள். பேசத் தொடங்குமுன் இருமினாள். பஞ்சுத் தூசு இருமல். சௌந்தர்யா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மஞ்சுளா துணியைக் கும்முவதை நிறுத்தவில்லை.

“என்ற மேல தப்பு மஞ்சு.”

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க.” முன்பெல்லாம் வாய்க்கு வாய் வருகிற ‘அக்கா’ அதில் இல்லை. “கேட்டுக்கு வந்து நின்னேன். ஜன்னல்ல நீங்க நின்னதைப் பாத்தேன். சொல்லியிருந்தா அன்னைக்கே ரெண்டு பேரும் உக்காந்து யோசிச்சிருப்போம். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும். நானே கண்டுபுடிச்சிருப்பனுங்க.”

சௌந்தர்யா தண்ணீர் வாளியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“இப்ப வந்து சொல்றது உங்களுக்கு ஆறுதல். எனக்கு என்ன இருக்கு இதுல?” துணியைப் பிழிந்து உதறினாள். “எங்கிட்டச் சொன்னதைப் போயி பெரியசாமிகிட்டச் சொல்லுங்க. நாலு பேரு இருக்கும்போது சொல்லுங்க. அது போதும்.”

அவள் போய்ச் சொன்னாள். பிரஸ்ஸில் அப்போது ஃப்ளெக்ஸ் வாங்க வந்தவர்கள் ஆறேழு பேர் இருந்தார்கள். கணவன் செய்ததையும், தான் செய்ததையும், மஞ்சுளாமேல் ஒரு குற்றமும் இல்லை என்பதையும் உரக்கவே சொன்னாள். பெரியசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்த சீட்ல இப்ப வேற ஆளு இருக்கே சாமி” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஊட்டுக்காரர் ஒரு கண்ணு வச்சிருந்தா அதை இப்படிக் கடைல வந்து சொல்லுவாங்களா?” என்றார். வந்தவர்களில் ஒருவர் சிரித்தார். சொல்லிவிட்டேன் என்று மஞ்சுளாவுக்குச் செய்தி அனுப்பினாள். படித்துவிட்டாள் என்பதற்கான இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் எதுவும் வரவில்லை. மஞ்சுளா இன்னும் மில்லுக்குத்தான் போகிறாள்.

ஆடியில் தமிழரசு வந்தான். கத்தவில்லை, கை நீட்டவில்லை. வந்த மறுநாள் கம்ப்யூட்டரின் ஒயர்களை உருவி, ஆட்டோவில் ஏற்றி அண்ணன் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டான். அங்கே பிள்ளைகள் படிக்கட்டும் என்றான். சௌந்தர்யா அடுத்த திங்கட்கிழமையே திருச்செங்கோட்டில் ஒரு பிரஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்தாள். “போறதுன்னா போ. ஊர் சிரிக்கட்டும்” என்றான். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவன் அவளிடம் பேசியது சோற்றுக்கும் சாவிக்கும் மட்டும்தான். ஊரும் கொஞ்சம் சிரிக்கத்தான் செய்தது. அவள் எட்டரை மணி பஸ்ஸைத் தவற விட்டதில்லை. புரட்டாசி கடைசியில் அவன் வண்டிக்குப் போனான். இப்போது ஞாயிறு ஞாயிறு போன் செய்கிறான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள்.

தீபாவளி விடுமுறைக்குத் தனப்பிரியா வந்திருந்தாள். பலகாரம் சுடும்போது சமையலறை வாசலில் நின்று, “கம்ப்யூட்டர் எங்கம்மா?” என்றாள்.

“பெரியப்பா ஊட்டுல இருக்குது.”

மகளின் முகம் மாறியது. “அய்யோ, அதுல நான் எழுதி வச்சதெல்லாம் இருக்குமேம்மா. டைரி மாதிரி. யாராச்சும் படிச்சிருந்தா?”

சௌந்தர்யா வாணலியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அனுப்பறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் அழிச்சுட்டேன் கண்ணு. யாரும் பாக்கல.”

“சத்தியமா?”

“ஆமா.”

தனப்பிரியா சரி என்று ஒரு முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டு டிவி பார்க்கப் போனாள்.