வலது கன்னத்து மங்கு

போன செவ்வாய்க்கிழமை சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு கிளினிக் கவுன்டரில் நின்று சத்தம் போட்டேன். நானா? நான்தான். லிஃப்டில் யாராவது என் காலை மிதித்தாலும் நானே 'சாரி' சொல்கிற ஆள்.

காரணம், வசந்தி. பொங்கோலில் எங்கள் புளோக்கில், எனக்கு இரண்டு மாடி கீழே இருக்கிறாள். பஸ் கேப்டன். இரட்டை மாடி பஸ்ஸை அநாயாசமாக ஓட்டுவாள். இரண்டு வருடமாக அவள் முகத்தில் மங்கு... அதுதான், திட்டுத் திட்டாகக் கருமை படருமே, அது. இடது கன்னத்தை விட வலது கன்னத்தில் அதிகம். ஏன் தெரியுமா? டிரைவர் சீட் வலது பக்கம். பிற்பகல் ஷிஃப்டில் பொங்கோலிலிருந்து நகரத்துக்குப் போகும்போது சாய்ந்த வெயில் முழுக்க அந்தக் கன்னத்தில்தான் விழும்.

ஆறு மாதத்துக்கு முன் இதே கிளினிக்குக்கு வந்திருக்கிறாள். டாக்டர் ஒரு கிரீம் கொடுத்து, "இத போட்டுக்கிட்டு வெயில்ல இருக்காதீங்க, எரியும்" என்றாராம். பஸ் ஓட்டுகிறவளிடம்! அப்படியானால் ஷிஃப்ட் மாற்றச் சொல்லி ஒரு கடிதம் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். கொடுத்தார்.

டெப்போ சூப்பர்வைசர் அதைப் படித்துவிட்டுத் திருப்பி நீட்டினார். "இது காஸ்மெட்டிக்னு போட்டிருக்கு லா. அழகுக்கெல்லாம் ரோஸ்டர மாத்த முடியாது."

அதற்குப் பிறகும் அதே ஷிஃப்ட்தான். கிரீம் போட்டால் எரிச்சல். போடாவிட்டால் மங்கு இன்னும் படர்கிறது. இந்தக் கிரீம், கடித விஷயமெல்லாம் எனக்கே அதற்கு முந்தின வாரம்தான் தெரிந்தது. லிஃப்டில் பார்த்தால் வலது கன்னம் சிவந்து தோல் உரிந்திருந்தது.

"ஏன் வசந்தி, சொல்லவே இல்ல?"

"என்னத்தக்கா சொல்றது? அழகுக்கு அழறாம்பாங்க."

எனக்குச் சுர்ரென்று வந்தது. அதனால்தான் செவ்வாய்க்கிழமை அவளை இழுத்துக்கொண்டு போனேன். கவுன்டரில் ஷாமினி என்றொரு இளம்பெண். காட்டலாம் என்று வசந்தி தலையாட்டியதும் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள்.

"ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கோட் இருக்கு, ஆன்ட்டி. டாக்டர் நோட்ஸ்ல என்ன எழுதுறாரோ அதுக்குத்தான் நாங்க கோட் போட முடியும். இதுல 'லேசான நிற மாற்றம்'னு மட்டும்தான் இருக்கு. அத போட்டா சிஸ்டம் காஸ்மெட்டிக்ல சேத்துடும். லெட்டர்லயும் அதான் பிரிண்ட் ஆகும் லா."

லேசான நிற மாற்றம்! அவ்வளவுதானா? வலது கன்னம் எங்கே? வெயில் எங்கே? இவள் பஸ் ஓட்டுகிறாள் என்பது எங்கே? தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்குகிறவர்கூட செவுளைத் திறந்து பார்த்துத்தான் வாங்குகிறார். ஒரு பெண்ணின் முகத்தை அந்த அளவுக்காவது பார்க்க வேண்டாமா? — இதையெல்லாம்தான் சத்தமாகக் கேட்டேன். காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஷாமினி குரலைத் தாழ்த்தினாள். "ஆன்ட்டி, அன்னிக்கு முகத்துல ஃபவுண்டேஷன் போட்டிருந்தாங்களாம். நோட்ஸ்லயே இருக்கு."

வசந்தியைப் பார்த்தேன். உரிந்த கன்னத்தின் மேல் இன்றைக்கும் பூசியிருந்தாள்!

"டாக்டர்கிட்ட வரும்போதுமா?"

"போடாம எப்படிக்கா வர்றது? எம்ஆர்டி ரயில்ல பக்கத்துல உக்கார்ற ஆன்ட்டி எல்லாம் கஸ்தூரி மஞ்சள் போடு, பப்பாளி போடுன்னு ஆரம்பிச்சுடுவாங்க. அதோட... இந்த ஃபவுண்டேஷன் டியூப்பை தீபாவளிக்கு நீங்கதானக்கா வாங்கிக் குடுத்தீங்க."

ஆமாம். வாங்கிக் கொடுத்ததோடு, "இத போட்டா ஒண்ணுமே தெரியாது" என்று வேறு சொன்னேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். கவுன்டரில் நின்றபடி வெட்கத்தில் குறுகிப்போனேன்.

அதற்காக டாக்டரை விட்டுவிட முடியுமா? முகத்தில் மேக்கப் இருக்கிறது என்று எழுதத் தெரிந்தவருக்கு, 'கழுவிட்டு வாங்கம்மா' என்று சொல்ல எத்தனை விநாடி ஆகியிருக்கும்? மூட்டு வலி என்றால் எக்ஸ்ரே, நெஞ்சு வலி என்றால் ஈசிஜி. பெண்ணின் முகத்தில் ஏதாவது வந்தால் மட்டும் அது அழகுப் பிரச்சினை! ஆண் டிரைவர் ஒருவர் உரிந்த கன்னத்தோடு வந்திருந்தால் இப்படித்தான் எழுதியிருப்பாரா?

வசந்தி பாத்ரூமுக்குப் போனாள். வெகு நேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு வெறும் முகத்தோடு வெளியே வந்து, அத்தனை பேர் நடுவில் நடந்து, டாக்டர் அறை வாசலில் உட்கார்ந்தாள். அந்த முகத்தை நானே அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். உதட்டுக்கு மேல்கூட இருந்தது. யாரும் பப்பாளி பற்றிப் பேசவில்லை.

அதே டாக்டர். அறைக்குள் நானும் கூடவே போனேன். விளக்கை அருகில் இழுத்துப் பார்த்தார். எவ்வளவு நாளாக, எந்த ஷிஃப்ட், எந்தப் பக்கம் வெயில் என்று கேட்டார். "அன்னிக்கே கேட்டிருக்கணும், சாரிம்மா" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்... கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது வந்திருப்பேன்.

பிறகு டைப் செய்தார். இரண்டு கன்னத்திலும் மங்கு, வலது பக்கம் அதிகம். வேலையில் வெயில் பட்டு மோசமாகிறது. மருந்து போட்ட தோல் வெயிலில் புண்ணாகிறது. பிற்பகல் ஷிஃப்ட் கூடாது. ஷாமினி உடனே கோட் எண்ணை மாற்றினாள். இப்போது அது நோய்.

வியாழக்கிழமை சூப்பர்வைசர் புதுக் கடிதத்தைப் படித்தார். மறுபேச்சு இல்லை. வெயில் தாழ்ந்த பிறகு தொடங்கும் ஷிஃப்டுக்கு வசந்தியை மாற்றிவிட்டார்.

அந்த நாலு வரியை எழுத டாக்டருக்கு மூன்று நிமிடம் ஆனது. அந்த மூன்று நிமிடம் கிடைக்காமல்தான் இவள் ஆறு மாதம் எரிந்தாள்.