கோபிஷா தேத்தண்ணி குடித்த நாள்

கையைக் குலுக்குகிற சாக்கில் கோபிஷா உங்கள் புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்துவிடுவாள். கிள்ளிய தோல் சட்டென்று அமர்ந்தால் உடம்பில் தண்ணீர் இருக்கிறது. எழும்பியபடியே நின்றால் இல்லை. ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தாயையே கிள்ளியிருக்கிறாள். "அன்ரி, உங்களுக்குத் தண்ணி காணாது" என்று பந்தியில் வைத்தே சொன்னாளாம். அந்த அம்மா இன்றுவரை அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

சுவிஸில் ஷாஃப்ஹவுசன் நகரத்தில் பிறந்து வளர்ந்தவள், முப்பத்தொரு வயது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் தாதி. அந்தச் சேவைக்கு இங்கே ஸ்பிடெக்ஸ் என்று பெயர். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வீடு. கால் ஓரிடத்தில் தரிக்காது. கார் நிற்பதற்கு முன்பே பெல்ட்டைக் கழற்றிவிடுவாள். லேஸ் கட்டுகிற நேரம் மிச்சம் என்று லேஸ் இல்லாத சப்பாத்துதான் போடுவாள். "இருந்து கதை பிள்ளை" என்றால், "இருந்தால் பிறகு எழும்பவும் வேணுமே அன்ரி" என்பாள். நோயாளி வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டாள். ஏதோ பெரிய கொள்கை என்று நினைத்துவிடாதீர்கள், எல்லாம் அவசரம்தான்.

இந்தக் குளிர்காலத்தில் அவளை நிம்மதியாக இருக்கவிடாதவர் தம்பித்துரை. எழுபத்தாறு வயது. டாவோஸில் ஒரு ஹோட்டல் சமையலறையில் இருபத்தெட்டு வருடம் கோப்பை கழுவியவர். மறதி நோய் வந்து நாலு வருடமாகிறது. ஒக்டோபரிலிருந்து மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். மூன்றுக்கும் ஒரே காரணம், மனுசன் தண்ணீர் குடிப்பதில்லை. உடம்பு வற்றும், பிதற்றுவார், எழும்பி நடக்கப்போய் விழுவார். ஆஸ்பத்திரியில் இரண்டு போத்தல் சேலைன் ஏற்றி அனுப்புவார்கள். கொஞ்ச நாளில் திரும்பவும் அம்புலன்ஸ் வரும்.

போய்வரும் ஒவ்வொரு தடவையும் அவர் எதையாவது அங்கேயே விட்டுவிட்டு வந்தார். முதலில் ஜெர்மன் பாஷை போனது, பிறகு கழிப்பறைக்குப் போகும் வழி. கடைசியாக வந்தபோது மகன் யாரென்று தெரியவில்லை. இன்னொரு தடவை போனால் வீட்டுக்கு விடமாட்டோம், நேரே முதியோர் இல்லம்தான் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். தமிழில் ஒரு சொல்லும் காதில் விழாத இடம். அவருடைய மனைவி ஞானேஸ்வரி கோபிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ரை மனுசனை அங்கை விட்டிடாதை பிள்ளை" என்று அழுதார்.

அவள் செய்து பார்க்காத வித்தை இல்லை. சிவப்புக் கோப்பை, உறிஞ்சுகுழாய், தோடம்பழச் சாறு, மணிக்கொரு தரம் அடிக்கிற அலாரம். மனுசன் கோப்பையை வாயருகே கொண்டுபோவார், அவளைப் பார்ப்பார், அப்படியே மேசையில் வைத்துவிடுவார். "பிள்ளைக்கு ஒண்டும் குடுக்கேல்லையோ?" என்று மனைவியைக் கேட்பார்.

"எனக்கு வேண்டாம் அங்கிள், நீங்கள் குடியுங்கோ." அவள் மணிக்கூட்டைப் பார்த்தபடி சொல்லுவாள். நாலு மாதம் இப்படியே போனது.

பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவருக்கு இரத்த அழுத்தம் இறங்கிக் கிடந்தது. நாக்கு காய்ந்து வெடித்திருந்தது. பின்னேரம் ஐந்து மணிக்கு வந்து பார்த்து முடிவு சொல்கிறேன் என்றார் குடும்ப வைத்தியர். என்ன முடிவென்று எல்லோருக்கும் தெரியும். மத்தியானம் தன் சாப்பாட்டு நேரத்தில் கோபிஷா திரும்பவும் ஓடிவந்தாள். மூன்று மாடியும் படியால் ஓடி ஏறியதில் இருமல் பிடித்துக்கொண்டது. ஞானேஸ்வரி பயந்துபோய்த் தன் கையிலிருந்த இஞ்சித் தேத்தண்ணியை நீட்ட, அவள் நின்றபடியே ஒரே மூச்சில் குடித்தாள்.

தம்பித்துரை தன் கோப்பையை எடுத்து மடக்கு மடக்கென்று குடித்து முடித்தார்.

கோபிஷா இன்னொரு கோப்பை கேட்டு வாங்கி, அவருக்கு எதிரே இருந்தாள். அவள் ஒரு வாய் குடித்தால் அவரும் ஒரு வாய் குடித்தார்.

"அன்ரி, இஞ்சை வாற ஆக்கள் தேத்தண்ணி குடிக்கிறவையோ?"

"எங்கை பிள்ளை! முந்தி இவர் ஒருத்தரையும் வெறுவாயோடை போகவிடமாட்டார். இப்ப வாற சனமெல்லாம், 'பாவம், உங்களுக்கேன் கரைச்சல்' எண்டு ஒண்டும் தொடாமல் எழும்பிப் போகுதுகள்."

வந்தவர் வாய் நனைக்காமல் வீட்டுக்காரன் குடிப்பதாவது! எல்லாம் மறந்த மனுசனுக்கு அது மட்டும் மறக்கவில்லை. நல்ல மனசோடுதான் சனம் தேத்தண்ணியை மறுத்தது, அவளும்தான் மறுத்தாள். கோபிஷா தலையில் அடித்துக்கொண்டாள். தன்மேல் வந்த ஆத்திரத்தில் அழுகையும் வந்தது.

பக்கத்துத் தமிழ் வீடுகளுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்பினாள்: "அங்கிளைப் பாக்க வாங்கோ. வந்து அவருக்கு முன்னாலை இருந்து தேத்தண்ணி குடியுங்கோ. வேண்டாமெண்டு ஆரும் சொன்னியளோ, பிறகு என்னோடை கதைக்க வரவேண்டாம்." மூன்று பேர் வந்தார்கள், அவருக்கும் மூன்று கோப்பை இறங்கியது. ஐந்து மணிக்கு இன்னொரு வீட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கோபிஷாவும் வந்து நின்றாள்.

வைத்தியருக்கும் அவசரம். அழுத்தத்தை அளந்து, "கொஞ்சம் ஏறியிருக்கிறது, போதாது" என்றார். மத்தியானத்திலிருந்து குடிக்கிறார் என்று கோபிஷா சொல்லத் தொடங்க, "அதை நான் கண்ணால் பார்க்கவேண்டும்" என்று இடைமறித்தார். ஞானேஸ்வரி இரண்டு கோப்பை கொண்டுவந்தார். ஒன்றைத் தம்பித்துரை எடுத்துக்கொண்டு வைத்தியரைப் பார்த்தார். மற்றதை ஞானேஸ்வரி நீட்ட, "நைன், டாங்கே" என்று வைத்தியர் கையசைத்து மறுத்தார்.

தம்பித்துரை கோப்பையை மேசையில் வைத்தார். "டொக்டருக்கு எங்கடை தேத்தண்ணி பிடிக்காதோ?"

வைத்தியருக்குத் தமிழ் எங்கே விளங்கப்போகிறது? பார்த்தாயா என்பதுபோலக் கோபிஷாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் படிவத்தை முழங்காலில் வைத்துப் பெயரை எழுதத் தொடங்கினார்.

பெயரில் பாதிகூட முடிந்திருக்காது. கோபிஷா அவருடைய விரல்களுக்கிடையிலிருந்து பேனாவை உருவி எடுத்தாள். அந்தக் கையிலே அவர் மறுத்த கோப்பையைச் சுடச்சுட வைத்து, விட்டுவிடாதபடி தன் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தாள்.